மழைவழியில் மூன்று சோலைகள்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விடும் மார்கழி நாட்கள், பழைய தென்னார்க்காட்டுச் சீமையில் மழை நாட்களுமாகும். ஐப்பசியில் தொடங்கிக் கார்த்திகையில் வலுக்கும் வடகிழக்குப் பருவமழை, மார்கழிக்கும் சில நாட்களை மிச்சம் வைத்திருக்கும். நெய்வேலி நகரியத்தில் வாழும் குடும்பங்கள் அந்த விடுமுறையில் வெளியூர் செல்ல நினைத்தால், முதலில் நினைவுக்கு வருவது புதுச்சேரி. அங்கே கடற்கரை உண்டு, கடைவீதி உண்டு, பழைய பேருந்து நிலையத்தின் அருகே 1826-ஆம் ஆண்டில் தோன்றிய தாவரவியல் பூங்காவும் உண்டு. மழை பிடித்துக்கொண்டால் கடற்கரையும் இல்லை, பூங்காவும் இல்லை என்று சலித்துக்கொண்டு பலர் அறைக்குள்ளேயே இருந்துவிடுவர். ஆனால் நெய்வேலிக்காரர் ஒருவர் மழையில் குடை பிடித்துத் தாவரவியல் பூங்காவுக்கு நடந்து செல்வாரானால், அவருக்குக் கிடைக்கும் வரலாற்றுப் பாடம் சிறிதன்று.

காரணம் இதுதான். நெய்வேலியில் வாழ்பவர் ஒரு பழங்காட்டின்மேல் வாழ்கிறார். புதுச்சேரிக்கு வடமேற்கே திருவக்கரையில் இன்னொரு காடு கல்லாகிக் கிடக்கிறது. புதுச்சேரியிலோ மூன்றாவது சோலையொன்று பச்சை இலையோடு நிற்கிறது. ஒன்று கரியாயிற்று, ஒன்று கல்லாயிற்று, ஒன்று இன்னும் பூத்துக் காய்க்கிறது. மூன்றையும் ஆக்கியதில் நீருக்குப் பங்கு உண்டு. மூன்றிலும் மனிதர் கைவைத்திருக்கின்றனர். அந்த மனிதருள் யாருடைய பெயர் நிலைத்தது, யாருடைய பெயர் மழையோடு கரைந்து போயிற்று என்பதே இங்கு நாம் காண விரும்புவது.

கரியான காடு

நெய்வேலியின் கதையை முதலில் சொன்னது கிணற்று நீர்தான். 1930-களின் நடுப்பகுதியில் அவ்வூர் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார், தம் நிலத்தில் தோண்டிய ஆழ்கிணற்றிலிருந்து பொங்கி வந்த நீரோடு கறுத்துப் பழுப்பேறிய பொருளொன்று வெளிவருவதைக் கண்டார். அது எரியும் தன்மையுடையது என்பது பின்னர் தெளிவாயிற்று. புவியியல் துறையினர் துளையிட்டு ஆராய்ந்தனர். நாடு விடுதலை பெற்ற பின்னர் அம்முயற்சி வேகம் கொண்டது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நான்காண்டுகள் மண்ணை அகற்றிய பின்னரே, 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே சோவியத் நாட்டின் உதவியோடு அமைந்த அனல் மின் நிலையத்தில் முதல் மின்னாக்கி இயங்கத் தொடங்கியது. அன்று பிறந்த நிறுவனம் 2016 முதல் என்.எல்.சி. இந்தியா என்னும் பெயரில் இயங்கி வருகிறது.

இந்தப் பழுப்பு நிலக்கரி என்பது யாது? மரமே. கடலோரச் சதுப்பு நிலத்தில் தழைத்திருந்த காடு, விழுந்த இடத்திலேயே நீரில் மூழ்கிற்று. காற்றுப் படாத நீருக்கடியில் மரம் முற்றிலும் மட்கிப் போவதில்லை. அதன்மேல் இலையும் கிளையும் விழுந்தன. அவற்றின்மேல் ஆறுகள் மணலையும் களிமண்ணையும் கொணர்ந்து கொட்டின. அழுத்தமும் வெப்பமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேலை செய்ய, காடு கரியாயிற்று. அதன் வயதைப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. மயோசீன் காலத்தது என்று நெடுங்காலம் கூறி வந்தனர். அதற்கும் மிக முந்திய ஈயோசீன் காலத்தது என்பார் சிலர். எவ்வாறாயினும், மனிதன் என்னும் படைப்பு இவ்வுலகில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே நின்ற காடு அது.

வெட்டியெடுக்கும் நெய்வேலி நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமாகும். மேலும், நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இராப்பகலாக இறைத்து வெளியேற்றினாலன்றிச் சுரங்கத்தின் தரை மேலெழும்பிப் பிளந்துவிடும். ஆகவே நெய்வேலிச் சுரங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி, மண்ணோடு மட்டுமன்றி நீரோடும் நடக்கும் போராட்டமாகும். மழைக்காலத்தில் வானத்து நீரும் அதனுடன் சேர்ந்துகொள்ளும்.

கல்லான காடு

நெய்வேலியின் நிலக்கரியைத் தாங்கி நிற்கும் பாறை வரிசைக்குக் கடலூர் மணற்கல் என்பது புவியியலார் இட்ட பெயர். அதே மணற்கல் வடக்கே திருவக்கரையிலும் தலைகாட்டுகிறது. விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இச்சிற்றூர், புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இங்கே கல்லாகிய மரங்கள் ஏறத்தாழ 200 கிடக்கின்றன. இரண்டு கோடி ஆண்டு வயதுடையவை என்று புவியியல் துறை இவற்றைக் கணிக்கிறது. பட்டையின் வரியும் கட்டையின் வளையமும் இன்றும் தெரிகின்றன. கையால் தட்டிப் பார்த்தாலோ கல்.

இங்கும் நீர்தான் சிற்பி. மணலுக்குள் புதைந்த மரத்தின் நுண்ணறைகளுக்குள் சிலிக்கா என்னும் கற்பொருள் கரைந்த நீர் ஊறிற்று. மரப்பொருள் அணு அணுவாக வெளியேற, அதன் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. நெய்வேலி மரத்துக்கும் திருவக்கரை மரத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. திருவக்கரை மரங்களுக்குக் கிளையுமில்லை, வேருமில்லை, பெரும்பாலும் வெற்றடிமரங்களே. ஆகவே அவை அங்கு வளர்ந்தவையல்ல, எங்கோ பெருவெள்ளத்தில் அடித்துக்கொண்டு வரப்பட்டவை என்று புவியியலார் முடிவு செய்தனர். கோடி ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையின் வெள்ளக் குறிப்பேடு என்றே அவ்விடத்தைச் சொல்லலாம்.

அவ்வூர் மக்கள் இக்கற்களை வக்கிராசுரன் என்னும் அரக்கனின் எலும்புகள் என்று வழிவழியாகச் சொல்லி வந்தனர். 1781-ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னராட் இவற்றைப் பற்றிக் குறித்தார். இன்று அங்குள்ள தேசியக் கல்மரப் பூங்காவில் அவர் பெயரைக் காண்கிறோம். அவருக்கு முன்பே அக்கற்களைக் கண்டு வியந்து, தமக்குத் தெரிந்த அளவில் ஒரு விளக்கமும் கண்டுபிடித்த உழவர்களுக்குப் பெயரில்லை. இது குறையாகச் சொல்லப்படுவதன்று; வரலாறு எழுதப்படும் முறையே அது. எழுதியவர் பெயர் நிற்கும். கண்டவர் பெயர் நிற்பதில்லை.

தோட்டங்கள் பிறந்த வழி

நெய்வேலியிலிருந்து பண்ருட்டி வழியே புதுச்சேரிக்குப் போகிறவர், இருபுறமும் பலாவையும் முந்திரியையும் காண்பார். பலா நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்குச் சொந்தமானது. முந்திரியோ பிரேசில் நாட்டு மரம். போர்த்துகீசியர் கப்பலில் வந்து இறங்கியது. இன்று அதை அயல்நாட்டு மரம் என்று சொன்னால் பண்ருட்டி விவசாயி நகைப்பார். மரங்களும் குடிபெயர்கின்றன, சில தலைமுறைகளில் மண்ணின் மைந்தராகி விடுகின்றன. இக்குடிபெயர்ச்சியைத் திட்டமிட்டு நடத்திய நிலையங்களே தாவரவியல் பூங்காக்கள்.

இவற்றின் தொடக்கத்தை இத்தாலியில் காண்பது மரபு. 1544-ல் பீசா நகரிலும், 1545-ல் பாதுவா நகரிலும் பல்கலைக்கழகத் தோட்டங்கள் எழுந்தன. ஆனால் அவற்றுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் முன்னரே, முஸ்லிம் ஸ்பெயினின் தொலைதோ நகரில் மன்னர் அல் மாமூனின் அரச தோட்டத்தில் இப்னு வாஃபித், இப்னு பஸ்ஸால் ஆகிய அறிஞர்கள் செடிகளைத் திரட்டி வளர்த்து ஆராய்ந்தனர். மாலகா நகரத்து இப்னுல் பைத்தார் ஸ்பெயினிலிருந்து சிரியா வரை நடந்து மூலிகைகளைத் தேடி, 1,400 அளவிலான மருந்துப் பொருள்களை விவரித்து, 1248-ல் திமிஷ்கில் காலமானார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் தோட்டம் அரசியலாயிற்று. 1760-ல் ஹைதர் அலி பெங்களூரில் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கினார். அவர் மைந்தர் திப்பு சுல்தான் அதை வளர்த்தார். 1770-ஐ ஒட்டி, டச்சுக்காரர் காவல் காத்த மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கிராம்பு, சாதிக்காய்க் கன்றுகளைப் பிரெஞ்சுக்காரர் பியேர் புவாவ்ர் மொரீசியசுக்குக் கடத்தச் செய்து, அங்குள்ள பாம்பிள்மூஸ் தோட்டத்தில் வளர்த்தார். ஒரு கன்றைக் கொண்டுபோவது ஒரு கோட்டையைப் பிடிப்பதற்கு ஒப்பாக எண்ணப்பட்ட காலம் அது. ஆங்கிலக் கம்பெனியின் கல்கத்தாத் தோட்டம் 1787-ல் பிறந்தது. இலங்கையின் பேராதனைத் தோட்டம் 1821-லும், புதுச்சேரித் தோட்டம் 1826-லும், உதகமண்டலத் தோட்டம் 1848-லும் தொடர்ந்தன. எந்தச் செடி எந்த மண்ணில் பிழைக்கும், எதனால் கருவூலம் நிறையும் என்று அறிவதே இவற்றுட் பலவற்றின் முதல் நோக்கம். அழகு பின்னால் வந்தது.

கறிவேப்பிலையில் ஒரு பெயர்

தமிழகக் கடற்கரையில் இந்த ஆராய்ச்சி தோட்டங்களுக்கு முன்பே வேரூன்றியிருந்தது. தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸின் மாணாக்கர் யோகான் கெர்ஹார்ட் கோனிக். அவர் மருத்துவராக 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1774-ல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா அவரைத் தம் இயற்கை ஆய்வாளராக அமர்த்திக்கொண்டார். வெள்ளையருக்குப் பட்ட கடனில் மூழ்கிய மன்னர் என்றே வரலாற்று நூல்கள் பெரிதும் நினைவுகூரும் அந்த நவாப், செடி கொடிகளை ஆராய ஓர் அறிஞருக்கு ஊதியம் அளித்தவர் என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். 1778-ல் கோனிக் ஆங்கிலக் கம்பெனியின் பணிக்குச் சென்றார். 1785-ல் ஆந்திரக் கரையில் காலமானார்.

நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைக்கு அறிவியல் வழங்கும் பெயர் முர்ராயா கோனிகி. இனப்பெயரைப் பெர்கெரா என்று கொள்வாரும் உண்டு. ஆயினும் கோனிகி என்னும் சொல் மாறுவதில்லை. மாணாக்கரின் நினைவாக லின்னேயஸே சூட்டிய பெயர் அது. நாள்தோறும் தாளிக்கும் இலையில் ஓர் அயல்நாட்டு மருத்துவரின் பெயர் இருக்கிறது. அவரை ஆதரித்த நவாபின் பெயர் அதில் இல்லை. எண்ணற்ற தலைமுறைகளாக அந்த இலையைக் கிள்ளிக் குழம்பிலிட்டு, அதன் குணத்தை அறிந்து வைத்திருந்த நம் பெண்மக்களின் பெயரும் இல்லை.

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த இராபர்ட் வைட் என்னும் மருத்துவர், தென்னாட்டுத் தாவரங்களை ஆயிரக்கணக்கான படங்களோடு பதிப்பித்தார். அப்படங்களை வரைந்த இந்திய ஓவியர்களுள் தலையாயவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இருவர். வைட் அவர்களின் பெயர்களைப் படங்களிலேயே பொறித்தார். ஒருபடி மேலே சென்று, 1853-ல் தாம் விவரித்த ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பிற்காலத் தாவரவியலார் அவ்வினத்தை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டனர். எனினும் ஒரு தென்னாட்டு ஓவியரின் பெயர் தாவரவியல் ஏடுகளில் ஏறிவிட்டது. மனம் இருந்தால் பெயரை எழுத முடியும் என்பதற்கு இது சான்று.

மழையில் பூங்கா

புதுச்சேரிப் பூங்காவோடு இணைந்து நிற்கும் பெயர் பெரோத்தே. இன்றைய சுவிட்சர்லாந்தில் 1793-ல் பிறந்த அவர், கிழக்குத் தீவுகளிலும் ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டிலும் தாவரங்களைத் திரட்டினார். 1834-ல் புதுச்சேரிக்கு வந்து, நீலகிரி வரை சென்று செடிகளைச் சேகரித்தார். 1870 ஜனவரியில் புதுச்சேரியிலேயே அவர் உயிர் பிரிந்தது. கடல்களைத் தாண்டிச் செடி தேடியவரின் வாழ்வு, அயல் மண்ணில் ஊன்றிய மரம்போல் இங்கேயே முடிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் மார்கழி விடுமுறையில், பழைய பேருந்து நிலையத்திலிருந்து குடை பிடித்து இப்பூங்காவுக்கு நடந்தேன். ஏறத்தாழ 22 ஏக்கர் பரப்பு; பிரெஞ்சுப் பாணியில் நேர்கோடாக வகுத்த பாதைகள். மழையில் கூட்டம் இல்லை. வெயிலில் எல்லா மரமும் ஒரே பச்சையாகத் தோன்றும். மழையில்தான் ஒவ்வொன்றும் தனித்தனியே தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஒன்றின் பட்டை நீரை உறிஞ்சிக் கறுக்கிறது. இன்னொன்றின் பட்டையில் நீர் வழுக்கி ஓடுகிறது. ஓர் இலை நீரைத் தாங்குகிறது. மற்றோர் இலை நுனியால் வடிக்கிறது. பெயர்ப்பலகைகளில் தூசு கழுவப்பட்டு எழுத்துகள் தெளிவாயிருந்தன. பாதையோரம் தேங்கிய நீரைத் தோட்டப் பணியாளர் இருவர் மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டி வடித்துக்கொண்டிருந்தனர். நான் படித்த பலகைகளில் மரத்தின் பெயர் இருந்தது; குடும்பத்தின் பெயர் இருந்தது; தாயகம் இருந்தது. அம்மரத்துக்குக் குழி தோண்டியவர், கோடையில் நீர் ஊற்றியவர், வெள்ளத்தில் வாய்க்கால் வெட்டியவர் பெயர் எதிலும் இல்லை.

இக்கடற்கரையின் மழை எப்போதும் சாந்தமானதன்று. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், புதுச்சேரியின் மரங்களை எண்ணின்றிச் சாய்த்தது. பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு பிடுங்கி எறிந்தது. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஒவ்வொரு புயலுக்குப் பின்னரும் சாய்ந்ததை அகற்றிப் புதுக் கன்று ஊன்றும் கைகள் இருப்பதனால்தான், இந்நகரத்துக்கு இன்னும் நிழல் இருக்கிறது.

மகரந்தமும் மறதியும்

புதுச்சேரியில் 1955-ல் பிரெஞ்சு நிறுவனம் என்னும் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அங்கே பணியாற்றிய தமிழறிஞர் தணிகைமணி, மகரந்த ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். கண்ணுக்குத் தெரியாத மகரந்தத் துகளின் மேலுறை அமிலத்திலும் கரையாது. கோடி ஆண்டு புதைந்திருந்தும் அழியாது. நெய்வேலி நிலக்கரியைக் கரைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், இலையும் கிளையும் உருவழிந்த பின்னும் மகரந்தம் நின்று, இங்கே அலையாத்தி இருந்தது, இங்கே பனையினம் இருந்தது என்று சாட்சி சொல்லும். அச்சாட்சியத்தைப் படிக்க வேண்டுமாயின், இன்று வாழும் செடிகளின் மகரந்தத்தோடு ஒப்பிட வேண்டும். அவ்வாறு ஒப்பிடுவதற்கென ஆயிரமாயிரம் மகரந்த மாதிரிகளைக் கொண்ட தொகுப்பை வளர்த்தவர் தணிகைமணி. 1986 செப்டம்பர் 5-ஆம் நாள் கராச்சி விமான நிலையத்தில் கடத்தல்காரர் கையகப்பட்ட பான் அமெரிக்க விமானத்தில் அவர் உயிரிழந்தார். அலையாத்தித் தாவரங்களின் மகரந்தம் பற்றிய அவரது நூல் மறு ஆண்டில் வெளிவந்தது. கரியான சோலையையும் உயிருள்ள சோலையையும் இணைக்கும் பாலம் இத்தகையோரின் உழைப்பால் கட்டப்பட்டது.

இனி நெய்வேலிக்குத் திரும்புவோம். நகரியத்தின் அகன்ற சாலைகளும், எண்ணிட்ட வட்டங்களும், வீட்டுக்கு வீடு நிற்கும் மரங்களும் காண்போர் கண்ணைக் கவர்வன. தோண்டி முடித்த பள்ளங்களை மண்ணிட்டு நிரப்பி, அவற்றின்மேல் நிறுவனம் மரங்களை வளர்த்திருக்கிறது. இவை பாராட்டத்தக்கவை. ஆயினும் அந்நகரியமும் சுரங்கமும் எழுவதற்கு முன் அங்கே ஊர்கள் இருந்தன. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு குளம், ஒரு தோப்பு, ஒரு வழிபாட்டிடம், ஓர் அடக்கத்தலம் இருந்தன. நிலத்தைக் கொடுத்துவிட்டு அம்மக்கள் வேறிடம் பெயர்ந்தனர். அவ்வழக்கு இன்னும் ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், முன்னர்க் கையகப்படுத்திய நிலமென்று சொல்லி, நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டியபோது எழுந்த குமுறலை நாடறியும். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதும் உண்மை. பயிர் கதிர் விடும் வேளையில் மண் புரட்டப்படுவதைக் காணும் உழவனின் வேதனையும் உண்மை. இரண்டையும் ஒருங்கே எழுதி வைப்பதுதான் வரலாறு.

மகரந்தத்துக்கு இயற்கை உறுதியான உறையைக் கொடுத்தது. அதனால் அது கோடி ஆண்டு கடந்தும் பேசுகிறது. மனித நினைவுக்கு அத்தகைய உறை கிடையாது. ஒரு தலைமுறை பேசாதிருந்தால், அடுத்த தலைமுறைக்கு ஒன்றுமில்லை. சுரங்கத்துக்கு முன் அந்த ஊர்களில் பிறந்த முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். எந்தக் குளக்கரையில் எந்த மரம் நின்றது, அதை நட்டவர் யார் என்றெல்லாம் அவர்களால் சொல்ல முடியும். மழைக்கால விடுமுறையில் பிள்ளைகளைப் புதுச்சேரிப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், அவ்விடுமுறையில் ஒரு மாலையை இம்முதியவர்களுக்கும் ஒதுக்கலாம். பிள்ளைகள் கையில் ஏடும் எழுதுகோலும் கொடுத்து, அவர்கள் சொல்லும் ஊர்ப் பெயரையும் மரப் பெயரையும் ஆள் பெயரையும் எழுதிக்கொள்ளச் செய்யலாம். பூங்காவில் ஒரு பெயர்ப்பலகை செய்யும் வேலையை, காணாமற்போன அந்தத் தோப்புகளுக்கு அந்த ஏடு செய்யும்.